நோயாளியின் மொழியும் மருத்துவரின் கல்வியும்

மதுரையிலிருந்து தேனி செல்லும் சாலையில், நகர எல்லையைக் கடந்து மேற்கே சென்றால் நாகமலை புதுக்கோட்டை வருகிறது. படுத்துக் கிடக்கும் பாம்பைப்போல் நீண்டு செல்லும் குன்றுத்தொடரால் ஊருக்கு இப்பெயர் வாய்த்தது. மதுரையை அழிக்கச் சமணர்கள் ஏவிய பாம்பு கல்லாகிக் கிடக்கிறது என்று திருவிளையாடல் கதை கூறும். அவர்கள் அடுத்து ஏவிய மாயப் பசுவே பசுமலையாயிற்று என்றும் அக்கதை சொல்லும். சமயப் பகை வளர்ந்த காலத்தில் எழுந்த கதை இது. ஆனால் நாகமலை புதுக்கோட்டைக்கு அருகே, கீழக்குயில்குடியில் நிற்கும் சமணர்மலை வேறு செய்தி கூறுகிறது.

அம்மலையின் செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் தீர்த்தங்கரர் உருவங்களும், கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்த வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் இன்றும் உள்ளன. மலைமேல் மாதேவிப் பெரும்பள்ளி என்னும் துறவியர் பள்ளி ஒன்று இருந்தது. சமண சமயம் இல்லறத்தாருக்கு நான்கு கொடைகளைக் கடமையாக விதித்தது. அவை உணவு, அடைக்கலம், மருந்து, கல்வி ஆகியன. அன்னதானம், அபயதானம், ஔடததானம், சாத்திரதானம் என்று அவற்றைச் சொல்வார்கள். மருந்து கொடுப்பதையும் கல்வி கொடுப்பதையும் ஒரே அறத்தின் இரு கிளைகளாக எண்ணிய மரபு இது.

அண்மைக் காலத்தில் மேலைநாட்டு மருத்துவக் கல்லூரிகளிலும் நம் நாட்டுக் கல்லூரிகள் சிலவற்றிலும், மருத்துவத்தோடு வரலாறு, இலக்கியம், மெய்யியல், அறவியல் ஆகிய மானுடக் கலைகளையும் சேர்த்துப் படிக்கும் முயற்சி வளர்ந்து வருகிறது. இதற்கெனவே முதுகலைப் பட்டங்களும் ஏற்பட்டுள்ளன. இது புதிதாக இறக்குமதி செய்யப்பட்ட ஒன்று என்று பலர் எண்ணுகின்றனர். மருத்துவர்களிலேயே சிலர், நேரமில்லாதவர்கள் மேல் ஏற்றப்பட்ட மேலும் ஒரு சுமை என்று முணுமுணுக்கின்றனர். தமிழ் மண்ணில் இக்கல்விக்கு வேர் உண்டா, அது எங்கே அறுபட்டது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மருந்தின் பெயர் தாங்கிய அறநூல்கள்

பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் மூன்று, மருந்துகளின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. சுக்கு, மிளகு, திப்பிலி என்னும் மூன்றும் சேர்ந்தது திரிகடுகம். ஐந்து சிறு வேர்களால் ஆனது சிறுபஞ்சமூலம். ஏலம் முதலாகிய ஆறு பொருள்களைக் கொண்டது ஏலாதி. ஒரு பாடலில் மூன்று, ஐந்து, ஆறு எனக் கருத்துகளை அடுக்கி, அவை உள்ளத்தின் நோயைத் தீர்க்கும் மருந்தென இந்நூல்கள் அளிக்கின்றன. சிறுபஞ்சமூலம் இயற்றிய காரியாசானும் ஏலாதி இயற்றிய கணிமேதாவியாரும் சமணர்கள். இருவரும் மதுரைத் தமிழாசிரியர் மாக்காயனாரின் மாணவர்கள் என்பது மரபு.

இந்நூல்களைக் கேட்ட மக்களுக்கு மருந்துச் சரக்குகள் நன்கு பழக்கமானவை. ஆகவே அறத்தை விளக்க மருத்துவத்திலிருந்து உவமை எடுப்பது இயல்பாயிற்று. மருத்துவன் ஒரு மொழியும் புலவன் வேறொரு மொழியும் பேசாத காலம் அது.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் இன்னும் ஒரு படி முன்னே செல்கிறது. அதன் கடைசிக் குறள் மருத்துவத்தின் உறுப்புகளை நான்காகப் பிரிக்கும்போது நோயுற்றவனையே முதலில் வைக்கிறது. அவனுக்குப் பிறகே தீர்ப்பவனும், மருந்தும், உடனிருந்து கவனிப்பவனும் வருகின்றனர். நோயாளி மருத்துவத்தின் செயப்படுபொருள் அல்லன், அதன் முதல் உறுப்பு என்னும் பார்வை இதில் அடங்கியிருக்கிறது. அவனும் ஓர் உறுப்பென்றால் அவன் சொல்வதற்கும் இடம் உண்டு.

மதுரையிலிருந்து மானிப்பாய்க்கு

1606-இல் மதுரைக்கு வந்த இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலி, தாம் சொல்ல வந்ததை இம்மண்ணின் சொற்களால் சொல்ல வேண்டும் என்று துணிந்தார். தமிழையும் வடமொழியையும் கற்றார். கோயில், பூசை, அருள் போன்ற சொற்களைக் கிறிஸ்தவ வழிபாட்டுக்கு உரியவையாக்கினார். இதற்காக அவர் பட்ட எதிர்ப்பு நம் வாசகர்கள் அறிந்ததே. சமயத்துறையில் அவர் செய்ததை மருத்துவத்துறையில் செய்ய முற்பட்ட ஒருவரைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. அவர் நம் சபையைச் சார்ந்தவர் அல்லர். எனினும் அவர் பணி தமிழர் அனைவருக்கும் உரியது.

அமெரிக்க மிஷனரிகள் யாழ்ப்பாணத்தில் பணியைத் தொடங்கி, அங்கிருந்து 1834-இல் மதுரைக்கு வந்தனர். பசுமலையில் அவர்கள் நிறுவிய குருமடமும் பள்ளிகளும் அதன் விளைவு. மதுரைப் பணியைப் பெற்றெடுத்த அதே யாழ்ப்பாண மிஷனுக்கு 1847-இல் ஒரு மருத்துவர் வந்து சேர்ந்தார். சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்பது அவர் பெயர். 1822-இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்சு மாநிலத்து ஊஸ்டர் நகரில் பிறந்தவர். 1845-இல் நியூயார்க்கின் மருத்துவர் மற்றும் அறுவை மருத்துவர் கல்லூரியில் பட்டம் பெற்றவர்.

மானிப்பாயில் மருத்துவமனை நடத்திக்கொண்டே, 1848 முதல் உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். தேர்ந்து வெளியேறியவர்கள் அரசுப் பணியையும் தொலைதூர ஊர்களையும் நாடிச் சென்றார்கள். கிராமத்து மக்களோ முன்போலவே மருத்துவரின்றி இருந்தார்கள். ஆங்கிலம் கற்ற மருத்துவன் கிராமத்தில் தங்கமாட்டான் என்பதை அனுபவம் அவருக்குக் கற்பித்தது. தங்கினாலும் தான் கற்றதைத் தன் மக்களுக்கு விளக்கும் சொற்கள் அவனிடம் இல்லை. ஆகவே தாயகம் சென்று 1862-இல் திரும்பி வந்த கிறீன், இரண்டாண்டுகளில் மருத்துவக் கல்வி முழுவதையும் தமிழுக்கு மாற்றினார்.

இந்த முடிவை மாணவர்களே முதலில் விரும்பவில்லை. ஆங்கிலம் தரும் வருவாயும் மதிப்பும் தமிழால் வருமா என்று கேட்டனர். கிறீன் பின்வாங்கவில்லை. பாடநூல் இல்லையே என்னும் தடைக்கு அவர் தந்த விடை, நூல்களை உருவாக்குவதாக இருந்தது. தம் மாணவர்களின் துணையோடு அவர் மொழிபெயர்த்தும் பதிப்பித்தும் வெளியிட்ட நூல்கள் ஒரு சிறு நூலகமே ஆகும். உடற்கூறு பற்றிய ‘அங்காதிபாத சுகரண வாத உற்பாலன நூல்’ 1850-களிலேயே வெளிவந்தது. மகப்பேறு பற்றிய ‘பிரசவ வைத்தியம்’ 1857-இலும், அறுவை மருத்துவம் பற்றிய ‘இரண வைத்தியம்’ 1867-இலும், ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘வைத்தியாகரம்’ ஆகிய இரண்டும் 1872-இலும், வேதியியல் கூறும் ‘கெமிஸ்தம்’ 1875-இலும் தொடர்ந்தன. 1873-இல் உடல்நலம் குன்றித் தாயகம் திரும்பிய பின்னும் அவர் பணி நிற்கவில்லை. ‘மனுஷ சுகரணம்’ 1883-இல் வந்தது. இந்நாட்டு மருந்துப் பொருள்களைப் பற்றிய ‘இந்து பதார்த்த சாரம்’ அவர் மறைந்த 1884-ஆம் ஆண்டில் வந்தது.

இத்தலைப்புகளின் வடமொழி மிகுதி இன்றைய வாசகரைத் தயங்கச் செய்யலாம். அக்காலத்துக் கற்றோர் தமிழ் அப்படித்தான் இருந்தது. கிறீன் தமக்கென ஓர் ஒழுங்கு வைத்திருந்தார். ஒரு பொருளுக்கு முதலில் தமிழில் சொல் தேடுவார். கிட்டாதபோது வடமொழியை நாடுவார். அதுவும் கைகொடுக்காதபோதே ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலியில் எழுதுவார். கலைச்சொல் தொகுதிகளையும் ஆக்கினார். ஒரு சொல்லைத் தேட வேண்டுமானால் அச்சொல்லை வழங்கும் மக்களிடம் போக வேண்டும், அவர்கள் பேச்சைச் செவிமடுக்க வேண்டும். மொழிபெயர்ப்பே அம்மருத்துவருக்கு மக்களைப் பற்றிய கல்வியாயிற்று. கிறிஸ்தவரான தமிழர் தம் உடையையும் பழக்கவழக்கங்களையும் கைவிட்டு மேலைநாட்டாராக மாறுவது கண்டு அவர் வருந்தியதும் இக்கல்வியின் பயனே.

அவரிடம் பயின்று மருத்துவரானோர் அறுபதுக்கு மேற்பட்டவர். அவருக்குப் பின் இம்முயற்சி நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1870-இல் கொழும்பில் தோன்றிய மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் கற்பித்தது. பட்டமும் பதவியும் அவ்வழியே வந்தன. மானிப்பாயில் இன்று அவர் பெயரால் கிறீன் நினைவு மருத்துவமனை நிற்கிறது. ஊஸ்டரில் உள்ள கல்லறையில், தமிழருக்கு மருத்துவ நற்செய்தியாளர் என்னும் பொருள்பட அவர் பெயரின் கீழ்ப் பொறிக்கப்பட்டுள்ளது. தமிழில் மருத்துவம் கற்பிக்க இயலுமா என்று இன்றும் நாம் வாதிடுகிறோம். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கற்பித்துக் காட்டிவிட்டார்.

கதவைத் தட்டிய மூவர்

மொழி மட்டுமன்று, மக்களின் வாழ்க்கை முறையும் மருத்துவர் படிக்க வேண்டிய பாடம் என்பதைத் திண்டிவனத்தில் ஓர் இரவு உணர்த்தியது. மிஷனரி மருத்துவரின் மகளான இளம்பெண் ஐடா ஸ்கடரை அழைக்க, ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து கணவன்மார் வந்தனர். மூவரின் மனைவியரும் பேற்று வேதனையில் இருந்தனர். ஐடா மருத்துவம் அறியாதவர். மருத்துவரான அவர் தந்தை வரச் சித்தமாயிருந்தார். ஆயினும் ஆண் மருத்துவரை உள்ளே விட எவரும் இசையவில்லை. மறுநாள் மூன்று பெண்களும் இறந்துவிட்ட செய்தி வந்தது. மருந்தும் மருத்துவரும் அருகே இருந்தும் மூன்று உயிர்கள் போயின. ஐடா மருத்துவம் கற்று 1900-இல் வேலூரில் பணியைத் தொடங்கியதும், 1918-இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி நிறுவியதும் அதன்பின் நடந்தவை. ஊராரின் வழக்கத்தை இகழ்வதை விடுத்து, அவ்வழக்கத்துக்குள் நுழையக்கூடிய மருத்துவர்களை அவர் உருவாக்கினார்.

கத்தோலிக்கத் திருச்சபையில் இதற்கு வேறொரு தடையும் இருந்தது. துறவறத்தார் மருத்துவத் தொழில் செய்வதைத் திருச்சபைச் சட்டம் கட்டுப்படுத்தியிருந்தது. ஆஸ்திரேலியாவில் மருத்துவப் பட்டம் பெற்ற மேரி குளோரி அம்மையார், 1920-இல் குண்டூருக்கு வந்து இயேசு மரி சூசை சபையில் சேர்ந்தார். திருத்தந்தையின் சிறப்பு அனுமதியுடன் துறவியாகவும் மருத்துவராகவும் பணியாற்றினார். 1936-இல்தான் துறவறச் சபைகளின் சகோதரிகள் மருத்துவமும் பேறுகாலப் பணியும் மேற்கொள்ள உரோமை பொதுவாக இசைவளித்தது. 1943-இல் அன்னை குளோரி, இந்தியக் கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கத்தை நிறுவினார். கத்தோலிக்க மருத்துவக் கல்லூரி ஒன்று வேண்டும் என்னும் அவர் கனவு, 1963-இல் பெங்களூரில் தூய யோவான் மருத்துவக் கல்லூரியாக நிறைவேறியபோது அவர் உயிரோடு இல்லை. திருத்தந்தை 23ஆம் யோவானின் நினைவாக எழுந்த அக்கல்லூரி, நாட்டில் வேறெங்கும் பெரிதாகப் பேசப்படாத காலத்திலேயே மருத்துவ அறவியலைப் பாடமாக வைத்தது. பிற்காலத்தில் நலவாழ்வையும் மானுடக் கலைகளையும் இணைத்து ஆராயும் தனிப் பிரிவும் அங்கு உருவாயிற்று.

கிறீன் படித்த கல்லூரியில்

மேலைநாடுகளில் இக்கல்வி பரவிய கதை சுருக்கமானது. 1967-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து ஹெர்ஷி நகரில் தொடங்கிய மருத்துவக் கல்லூரி, மானுடக் கலைகளுக்கென ஒரு துறையைத் தன்னுள் அமைத்தது. பின்னர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ரீட்டா சாரன் என்னும் மருத்துவர், ஆங்கில இலக்கியத்திலும் முனைவர் பட்டம் பெற்று, நோயாளி சொல்லும் கதையைக் கேட்கவும் புரிந்துகொள்ளவும் மருத்துவர்களைப் பயிற்றுவிக்கும் முறையை வகுத்தார். 2000-இல் அதற்கான திட்டமும் 2009-இல் முதுகலைப் படிப்பும் அங்கே தொடங்கின. அவர் பணியாற்றும் மருத்துவக் கல்லூரியும் 1845-இல் கிறீன் பட்டம் பெற்ற கல்லூரியும் ஒன்றே. அது பின்னாளில் கொலம்பியாவோடு இணைந்தது. அக்கல்லூரி தன் மாணவர்களுக்குக் கற்பிக்கத் தொடங்கிய பாடத்தை, அதன் பழைய மாணவர் ஒருவர் மானிப்பாய்த் தமிழரிடமிருந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே கற்றிருந்தார்.

இந்தியாவில் 2019 முதல், மருத்துவ இளநிலை மாணவர் அனைவருக்கும் மனப்பாங்கு, அறம், உரையாடல் ஆகியவை பற்றிய பாடத்தொகுதி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. பிணவறுப்புக் கூடத்தில் கிடத்தப்பட்டிருக்கும் உடலைத் தன் முதல் ஆசிரியராக எண்ணிப் போற்றக் கற்பிப்பது அதில் ஒரு பகுதி. தொடக்கப் பயிற்சியில் உள்ளூர் மொழிக்கும் இடம் உண்டு. இது வரவேற்கத்தக்கது. ஆயினும் தேர்வுக்குரிய வினாவாகவும் வருகைப் பதிவேட்டின் ஒரு வரியாகவும் இது சுருங்கிவிடும் ஆபத்து சிறிதன்று. உள்ளூர் மொழிப் பயிற்சி வெளிமாநில மாணவர்களுக்கே என்னும் எண்ணமும் தவறானது. ஐந்தரை ஆண்டுகள் ஆங்கிலத்தில் மட்டுமே நோயை நினைத்துப் பழகிய தமிழ் மாணவன் தன் தாயின் சொற்களை இழந்து நிற்பதை யாரும் கவனிப்பதில்லை.

சொல்லுக்குள் இருக்கும் நோய்

மதுரையைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து மருத்துவமனைக்கு வருகிறவர்கள் தம் நோயை எப்படிச் சொல்கிறார்கள்? ‘மேலுக்கு முடியவில்லை’ என்பார் ஒருவர். ‘நெஞ்சைக் கரிக்கிறது’, ‘குறுக்குப் பிடித்துக்கொண்டது’, ‘கை கால் உளைகிறது’, ‘ஈரக்குலை நடுங்குகிறது’ என்று சொல்வார்கள். ‘மயக்கம்’ என்னும் ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். நினைவிழந்து விழுவதும் மயக்கம், தலை சுற்றுவதும் மயக்கம், பசியால் வரும் சோர்வும் மயக்கம், கருவுற்ற பெண்ணின் குமட்டலும் மயக்கம். எது என்று கேட்காமல் ஒன்றை எழுதிக்கொள்ளும் மருத்துவர், வேறொருவருடைய நோய்க்கு மருந்து எழுதுகிறார். ‘ஈரக்குலை நடுங்குகிறது’ என்ற தாயிடம் இதயத் துடிப்பை மட்டும் அளந்து பார்த்தால், அவள் மகனைப் பற்றிய அச்சம் வெளியே வராது.

தமிழ் மொழி மருத்துவரிடம் மேலும் ஒன்றைக் கேட்கிறது. எதிரே நிற்பவரை ‘நீ’ என்பதா, ‘நீங்கள்’ என்பதா என்று வாய் திறக்கும் முன்னரே முடிவு செய்தாக வேண்டும். ஊர்தியில் வந்திறங்கும் நோயாளிக்கு ‘உட்காருங்கள்’ என்றும், பேருந்தில் வந்து வரிசையில் நின்ற மூதாட்டிக்கு ‘தள்ளி நில்’ என்றும் நம் மருத்துவமனைகளில் சொல்வது புதிதன்று. அந்த ஒருமையைக் கேட்டவர் தம் நோயை முழுதும் சொல்வதில்லை. மறைத்த பாதியில்தான் நோயின் காரணம் இருந்திருக்கக் கூடும்.

இலவசமாகக் கொடுத்தால் மக்கள் வந்துவிடுவார்கள் என்பதும் உண்மையன்று. 1976-இல் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி மதுரையில் பதினொரு படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும் அதுபோன்ற பிற நிறுவனங்களும், ஊர்தோறும் கண் முகாம்கள் நடத்தி உலகப் புகழ் பெற்றன. எனினும் தென்தமிழகச் சிற்றூர்களில் நடந்து 1999-இல் வெளியான ஓர் ஆய்வு, கண்ணில் குறையுள்ளவர்களுள் நூற்றுக்கு ஏழு பேர் அளவிலேயே முகாமுக்கு வந்ததாகக் கண்டது. அச்சம், வீட்டுப் பொறுப்புகள், போய்வரும் செலவு, இந்த வயதில் பார்வை எதற்கு என்னும் எண்ணம் ஆகியவை மற்றவர்களைத் தடுத்து நிறுத்தின. கண்புரையை அகற்றும் கலை தெரிந்தவர்கள், இந்த அச்சத்தை அறியும் கலையையும் கற்க வேண்டியிருந்தது.

முழு உண்மையையும் சொன்ன பெண்

பன்னிரண்டு ஆண்டுகள் பெரும்பாட்டினால் வருந்திய பெண்ணைப் பற்றி நற்செய்தியாளர்கள் கூறுகின்றனர். மருத்துவர் பலரிடம் சென்று துன்புற்று, உள்ளதையெல்லாம் செலவிட்டும் அவள் நிலை மோசமாகவே ஆயிற்று என்று மாற்கு வெளிப்படையாக எழுதுகிறார். மருத்துவர் என மரபு போற்றும் லூக்கா, அவள் துன்புற்றதைப் பற்றிய சொற்களை விட்டுவிடுகிறார். தம் தொழிலார்மீது அவருக்கிருந்த பரிவு அது போலும் என்று விரிவுரையாளர் சிலர் புன்னகையோடு குறிப்பதுண்டு. ஆனால் இருவரும் விடாது குறிக்கும் ஒன்று உண்டு. ஆடையைத் தொட்டதுமே அவள் உடல் குணமாகிவிட்டது. இயேசு போயிருக்கலாம். யாயீரின் மகள் சாகக் கிடக்கிறாள், வழி நெடுகக் கூட்டம் நெருக்குகிறது. ஆயினும் அவர் நின்றார், தொட்டவர் யார் என்று கேட்டார். அவள் நடுங்கிக்கொண்டே வந்து நடந்தது முழுவதையும் சொல்லும்வரை கேட்டிருந்தார். அதன்பின்னரே ‘மகளே’ என்று அழைத்து, சமாதானத்தோடு அனுப்பினார். உடல் குணமான பின்னும் அவளுக்கு வேறொரு குணம் தேவைப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் யாரும் கேளாத சொல்லை ஒருவர் கேட்டதால் அது கிடைத்தது.

இன்றைய மருத்துவர்களைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. அரசு மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவில் ஒரு காலைக்குள் நூற்றுக்கு மேற்பட்டோரைப் பார்க்கும் இளம் மருத்துவருக்கு நேரம் எவ்வளவு அரிது என்பதை நாம் அறிவோம். நேரம் குறைந்தவனுக்கே மக்கள் மொழியின் அறிவு கூடுதலாகத் தேவை. இரண்டு நிமிடமே உள்ளவன் சரியான சொல்லால் கேட்டாக வேண்டும்.

கி. ராஜநாராயணன் 1982-இல் கரிசல் வட்டாரத்துக்கு ஒரு சொல்லகராதி தொகுத்தளித்தார். அதுபோல் மதுரை வட்டார மக்கள் தம் உடலையும் நோயையும் பற்றி வழங்கும் சொற்களுக்கு ஓர் அகராதி வேண்டும். நாகமலை புதுக்கோட்டையைச் சுற்றிக் கல்லூரிகள் உள்ளன, அருகே பல்கலைக்கழகம் உள்ளது. மதுரை நகரில் 1954 முதல் மருத்துவக் கல்லூரி உள்ளது. தமிழ் படிக்கும் மாணவரும் மருத்துவம் படிக்கும் மாணவரும் ஒன்றாகச் சிற்றூர்களுக்குச் சென்று முதியவர்களிடம் அமர்ந்து இச்சொற்களைத் தொகுத்தால், அதுவே இருவருக்கும் சிறந்த மானுடக் கல்வியாகும். நம் மறைமாவட்ட மருத்துவமனைகளிலும் மருந்தகங்களிலும் பல்லாண்டுகளாக மக்களோடு பழகிவரும் அருட்சகோதரிகளின் நினைவில் இத்தகைய சொற்கள் ஏராளமாக இருக்கும். அவர்கள் ஓய்வு பெற்று மறையும் முன் அவற்றை எழுதிவைப்பது நம் கடமை.

மருந்தையும் கல்வியையும் ஒருங்கே வழங்கச் சொன்ன அறம் சமணர்மலையில் கல்லாக நிற்கிறது. அதை மீண்டும் உயிருள்ள வழக்கமாக்க, நோயாளியின் சொல்லைக் கேட்கக் கற்பதிலிருந்து தொடங்குவோம்.